‘அஞ்சு நிமிஷம் சார்!’ - மணப்பாறையில் ஒரு மதியச் சாப்பாடு

பழநியில் தரிசனம் முடிந்து அடிவாரத்துக்கு வந்தபோது மணி 12 ஆகிவிட்டது. காலை 8 மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லிதான் எல்லோர் வயிற்றிலும். “இங்கேயே எங்கயாவது சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமாம்மா?” என்று மகன் கேட்டார். 72 வயது அம்மா வேண்டாம் என்று தலையசைத்தார்.

“இப்பப் பசிக்கல. மணப்பாறையில சாப்பிடுவோம்டா. எங்க ஊருல உக்காந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!”

மணப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்தான் அவர் பிறந்த ஊர். கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து 50 வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் ‘எங்க ஊரு’ என்றால் இன்றும் அவருக்கு மணப்பாறைதான். வெளியூர்க்காரர்களுக்கு மணப்பாறை என்றதும் முறுக்கும் மாடும் நினைவுக்கு வரும். 1957-ல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துப் பாட்டு, அந்த ஊர் மாட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முறுக்குக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கோ மணப்பாறை என்றால் ஓர் ஓட்டல்.

சின்ன வயதில் சந்தை நாளில் அவருடைய அப்பா மகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவாராம். வேலை முடிந்ததும் ஒரு சின்ன ஓட்டலில் சாப்பாடு. ஒருநாள் மாடு விலை போகவில்லை. அப்பா தனக்கு வேண்டாம் என்று மகளுக்கு மட்டும் ஒரு சாப்பாடு சொன்னார். கடைக்காரர் எதுவும் கேட்காமல் இரண்டு இலை போட்டார். “அடுத்த சந்தைக்குக் குடுங்க” என்றாராம். அந்தக் கதையைப் பேத்தி குறைந்தது இருபது தடவையாவது கேட்டிருப்பாள்.

ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், வையம்பட்டி தாண்டிக் கார் மணப்பாறையை நெருங்கியபோது மணி இரண்டரை.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் போடா. அங்கதான் சின்னச் சின்ன ஓட்டல் எல்லாம் இருக்கும்” என்றார் அம்மா.

“அங்க கார் நிறுத்த இடம் இருக்காதும்மா. வெயில்ல உன்னை நடக்க வைக்கணும். ரோட்டுமேலயே ஏ.சி. ஓட்டல் ஒண்ணு இருக்கு, நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்.”

மகன் சொன்னதில் தப்பில்லை. அம்மாவின் முழங்கால் வலியை நினைத்துத்தான் சொன்னார். அம்மாவும் மறுக்கவில்லை.

சுவரில் ஒரு கடிகாரம்

கூடத்தில் பாதி மேஜைகள் நிறைந்திருந்தன. மூன்று மேஜைகளில் எச்சில் இலைகள் எடுக்கப்படாமலே கிடந்தன. கல்லாவில் இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறவும் துடைக்கவும் தண்ணீர் வைக்கவும் ஒரே ஒரு பையன். இருபது வயதுகூட இருக்காது. வடமாநிலத்திலிருந்து வந்தவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“நாலு சாப்பாடுப்பா. எவ்வளவு நேரமாகும்?”

“அஞ்சு நிமிஷம் சார்.”

அந்த வார்த்தையை நம்பி அம்மா கைப்பையைத் திறந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய சர்க்கரை மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தார். வீட்டில் தினமும் செய்வதுதான். மாத்திரை போட்டால் மருமகள் தட்டை வைத்துவிடுவார். சுவரில் இருந்த கடிகாரத்தில் அப்போது 2:40.

2:55-க்கு இலை வந்தது. சோறு வரவில்லை. மூன்று மணிக்கு அவர்களுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சாப்பாடு வந்துவிட்டது. அவர்கள் கல்லாக்காரருக்குத் தெரிந்தவர்கள்போல. “என்னப்பா ஆச்சு?” என்று மகன் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே ‘அஞ்சு நிமிஷம் சார்.’

மூன்றாவது முறை மகனுக்குப் பொறுமை போய்விட்டது. “உனக்கு அறிவு இருக்கா? வயசானவங்க அரை மணி நேரமா வெறும் இலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க, கண்ணு தெரியலயா?” என்று சத்தம் போட்டார். கூடமே திரும்பிப் பார்த்தது. பையன் தலையைக் குனிந்துகொண்டு, “சாரி சார்” என்று சமையலறைப் பக்கம் போனான்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதுவுமே சொல்லாமல் இருப்பதைப் பேத்திதான் முதலில் கவனித்தாள்.

“அப்பாயி, ஏ.சி.யில உக்காந்துக்கிட்டு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை. தம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. “அத்தை, என்ன பண்ணுது?” என்று மருமகள் தோளைத் தொட்டுக் கேட்டதற்கு, “மாட்டை அவுத்துட்டாங்களா?” என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார்.

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை வேலையை ஆரம்பித்துவிட்டது, வயிற்றில் சோறு இல்லை. காலை இட்லிக்குப் பிறகு ஏழு மணி நேரம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது.

“ஏங்க, சீக்கிரம் கொஞ்சம் சீனி வாங்கிட்டு வாங்க!”

மகன் கல்லாவுக்கு ஓடினார். “கொஞ்சம் சீனி வேணும். அம்மாவுக்கு முடியல.” கல்லாக்காரர் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சர்வர்கிட்ட சொல்லுங்க சார்” என்றார்.

அப்போதுதான் மகனுக்குப் பழநிப் பஞ்சாமிர்தம் நினைவுக்கு வந்தது. டப்பா கார் டிக்கியில் இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். டப்பாவைத் திறந்தபடி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது, அம்மாவின் பக்கத்தில் அந்தப் பையன் குனிந்து நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு டம்ளர். ‘சீனி’ என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும், யாரும் சொல்லாமலே சமையலறைக்குள் போய் நாலு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி எடுத்து வந்திருக்கிறான். மருமகள் டம்ளரை வாங்கி அம்மாவின் வாயருகே பிடித்திருந்தார். அம்மா மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்ல... பாட்டி... சுகர்” என்றான் பையன், உடைந்த தமிழில்.

மகன் பஞ்சாமிர்த டப்பாவோடு அப்படியே நின்றார்.

சர்க்கரை ஏறுவது மட்டும் ஆபத்தல்ல

சர்க்கரை நோய் என்றால் சர்க்கரை ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறோம். இறங்குவது அதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மயக்கம், வலிப்புவரை போகலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் சில வகை மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும், மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு தள்ளிப்போனால் இந்த ஆபத்து வரும்.

முதலுதவி எளிது. நினைவு இருப்பவருக்கு உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று நான்கு சின்னக் கரண்டி, தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, தெளியாவிட்டால் இன்னொரு முறை. அதன்பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவருக்கு மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐ அழைக்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், அவ்வளவுதான்.

“யாரும் சொல்லலையே!”

கால் மணி நேரத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது. 3:25-க்குச் சாப்பாடும் வந்தது. சோறு ஆறி விறைத்திருந்தது. உருளைக்கிழங்குப் பொரியலில் காறல் வாடை. சாம்பாரை வாயில் வைத்ததுமே மருமகள் இலையோரம் துப்பினார். காலையில் வைத்தது, வெயிலில் புளித்துப்போய் நுரை தட்டியிருந்தது. ரசத்தில் உப்பைத் தவிர வேறு ருசி இல்லை. தயிருக்குத் தனிக் காசு என்றார்கள். அதை வாங்கி அம்மா நாலு வாய் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

மகன் விருட்டென்று எழுந்தார். பக்கத்து மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். அம்மா மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உக்காருடா. சாம்பார் வச்சது அவன் இல்ல. நேரமாகுதுன்னா ஆள் பத்தலன்னு அர்த்தம். அதுக்கும் அவன் காரணம் இல்ல. விக்கிறவன் அங்க உக்காந்திருக்கான்.”

பிறகு அவரே எழுந்தார். சாம்பார்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி மெதுவாகக் கல்லாவுக்கு நடந்தார்.

“தம்பி, இதை ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க.”

கல்லாக்காரர் முதல்முறையாகப் போனைக் கீழே வைத்தார். கிண்ணத்தைத் தொடவில்லை. “காலையிலிருந்து இருநூறு பேர் சாப்பிட்டுப் போயிட்டாங்கம்மா. யாரும் சொல்லலையே!”

“நான் சொல்றேன்ல தம்பி?”

அப்போது ஓரத்து மேஜையில் இருந்த லாரி டிரைவர் ஒருவர் குரல் கொடுத்தார். “எங்களுதும் புளிச்சுத்தான்ணே இருக்கு. பசிக்கு ரசத்தை ஊத்திச் சாப்பிட்டோம்.” இன்னொரு மேஜையில் இருந்த பெண், “குழந்தைக்குக் குடுக்கலாமா வேணாமான்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார். அதுவரை ஒவ்வொரு மேஜையும் தனக்கு மட்டும்தான் அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கல்லாக்காரர் குரல் கொஞ்சம் இறங்கியது. “சரிம்மா, உங்க ஒரு சாப்பாட்டைக் கழிச்சுக்கறேன்.”

“காசைக் கழிக்க வேணாம் தம்பி. அந்த வாளியை முதல்ல எடுத்துக் கொட்டச் சொல்லுங்க. பின்னாடி பச்சைப்புள்ளைங்க வந்து சாப்பிடும்.”

அதற்குப் பதில் இல்லை. “பில் போட்டாச்சு, பார்த்துக்கலாம்மா” என்று முனகிவிட்டு அவர் மறுபடி போனை எடுத்துக்கொண்டார். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

கிளம்பும்போது அம்மா பஞ்சாமிர்த டப்பாவைப் பையன் கையில் கொடுத்தார். அவன் வேண்டாம் என்று கல்லாவைப் பார்த்தான். “பழநி முருகன் பிரசாதம்ப்பா. வேணாம்னு சொல்லக் கூடாது” என்றதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மகன் அவன் தோளில் கை வைத்து, “தம்பி, நான் கத்தினதை மனசுல வச்சுக்காத” என்றார். அவனுக்கு அந்தத் தமிழ் முழுதாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. சிரித்தான்.

ஓர் ஊறுகாய்க்காக நடந்த வழக்கு

காரில் ஏறியதும் மகன் பேத்தியிடம் போனைக் கொடுத்தார். “ஒரு ஸ்டார் போடு. சாப்பாடு குப்பை, சர்வருக்கு ஒண்ணுமே தெரியலன்னு எழுது.” சொல்லி முடித்ததும் அவருக்கே உறைத்தது. “சர்வரை விட்டுடு” என்றார்.

“ஸ்டார் போட்டா வாளியைக் கொட்டிடுவாங்களா?” என்று கேட்டார் அம்மா.

நியாயமான கேள்வி. நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். ஒன்று, வாயை மூடிக்கொண்டு பணம் கட்டிவிட்டு வெளியே வந்து புலம்புகிறோம். இல்லாவிட்டால், கைக்கு எட்டுகிற ஏழைப் பையனைத் திட்டித் தீர்க்கிறோம். கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று எங்கேயோ மனதில் பதிந்துவிட்டது. ‘ஒரு சாம்பாருக்காகவா?’ என்று தோன்றுகிறது.

விழுப்புரத்தில் ஒருவருக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 நவம்பரில் உறவினரின் முதலாமாண்டு நினைவு நாளுக்காக, ஓர் ஓட்டலில் 25 சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினார். ஒன்று 80 ரூபாய். முதியவர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கியது. பிரித்துப் பார்த்தால் பட்டியலில் இருந்த ஊறுகாய் இல்லை. திரும்பப் போய், ஊறுகாய்க்கு ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைக் கொடுங்கள் என்று கேட்டார். ஓட்டல் மறுத்தது. அவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். 2024 ஜூலையில் தீர்ப்பு வந்தது. மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய் கொடுக்கும்படி ஓட்டலுக்கு ஆணையம் உத்தரவிட்டது.

கேட்ட அன்றே 25 ரூபாயைக் கொடுத்து, ‘தப்பாயிடுச்சுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும் விஷயம். பெரும்பாலான புகார்களும் அப்படித்தான். குறை நேர்ந்ததைவிட, சொன்னபோது காது கொடுக்கவில்லை என்பதுதான் ஆளை வழக்குவரை நடக்கவைக்கிறது.

எல்லாவற்றுக்கும் வழக்குப் போட வேண்டியதில்லை. கெட்டுப்போன உணவைப் பரிமாறினால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் புகார் அனுப்பலாம். எந்த ஓட்டல், எந்த ஊர், எந்த நாள், என்ன குறை என்பதோடு படமும் இருந்தால் நல்லது. உணவு விற்பவர்கள் பில்லில் 14 இலக்க உரிம எண்ணை அச்சிட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். அதனால் பில்லைக் கசக்கிப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். சேவைக் குறைபாடு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால்தான் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்வரை இருந்தால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே வாதிடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

பேத்தி பில்லைப் படமெடுத்தாள். சாம்பார்க் கிண்ணத்தையும் அவள் முன்பே படமெடுத்து வைத்திருந்தாள். அப்பாயி சொல்லச் சொல்ல நடந்ததை மட்டும் எழுதினாள்: வந்த நேரம், சாப்பாடு வந்த நேரம், சாம்பாரின் நிலை, வாளியைக் கொட்டச் சொல்லியும் கொட்டாதது. திட்டு ஒன்றும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

கடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்க

“பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நிமிஷம் நிறுத்தறியா?” என்றார் அம்மா. இந்த முறை மகன் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்கேயோ ஓரமாக நிறுத்திவிட்டு அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனார்.

முறுக்குக் கடைப் பெண், கேட்பதற்கு முன்பே ஒரு முறுக்கை எடுத்து நீட்டினார். “கடிச்சுப் பாருங்கம்மா. நல்லா இருந்தா வாங்குங்க, இல்லாட்டி வேணாம்.”

மணப்பாறையில் அப்படித்தான். அரிசி மாவில் ஓமமும் சீரகமும் எள்ளும் சேர்த்துப் பிழிந்து, இரண்டு முறை எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். லேசாக உப்புக் கரிக்கும் அந்த ஊர்த் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ரயில் நிலைய மேடையிலும் பேருந்து ஜன்னலோரத்திலும் விற்று விற்றே அந்த முறுக்கு பேர் வாங்கியது. வண்டி கிளம்புவதற்குள் வாங்கிக் கடித்துப் பார்ப்பவர் முகம் சுளித்தால், அடுத்த முறை அவர் அந்தக் கூடையைத் திரும்பியும் பார்க்க மாட்டார். அந்தப் பயமும் மரியாதையும் சேர்ந்துதான் ஒரு சின்ன ஊரின் பெயரைப் புவிசார் குறியீடுவரை கொண்டுபோயிருக்கிறது. அதே ஊரில் ரோட்டுமேல் இருக்கும் ஓட்டலுக்கு அந்தப் பயம் இல்லை. வந்தவர் திரும்பி வரவில்லை என்றாலும் நாளைக்கு வேறு கார் வந்து நிற்கும்.

அம்மா முறுக்கைக் கடித்தார். “எண்ணெய் புதுசு” என்றார். கடைக்காரப் பெண் சிரித்துவிட்டார். “அம்மா நம்ம ஊரா?”

“ஆமா, நம்ம ஊருதான்” என்ற அம்மாவின் முகத்தில், காலையிலிருந்து காணாமல்போயிருந்த ஒரு களை வந்தது. நாலு பாக்கெட் வாங்கினார்கள்.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், நடந்ததைக் கேட்டுவிட்டு அம்மாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். “வெளியூர்ல இருக்கும்போது சாப்பாடு எதிர்ல வந்த அப்புறம் இந்த மாத்திரையைப் போட்டா போதும்மா. கைப்பையில எப்பவும் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும்” என்றார். எல்லோருக்கும் ஒரே மாத்திரை இல்லை என்பதால், அவரவர் தங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அன்று ராத்திரி பேத்தி அப்பாயியின் மாத்திரை டப்பா மூடியில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டினாள். ‘அஞ்சு நிமிஷம்னு சொன்னா நம்பாதே. இலையில் சோறு விழுந்த பிறகு’ என்று எழுதியிருந்தாள்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தார். பிறகு முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து, முதல் முறுக்கைப் பேத்திக்குக் கொடுத்தார்.